கம்பா, கராத்தேயா, கபடியா? நிஜச் சண்டையில் எது நிற்கும்?

"சிலம்பம் தெரிஞ்சவனும் கராத்தே பிளாக் பெல்ட்டும் மோதினா யாருலே ஜெயிப்பா?"

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் நாலு பையன்கள் ஒன்றாக உட்கார்ந்தால், கிரிக்கெட்டும் சினிமாவும் தீர்ந்த பிறகு வந்து சேரும் கேள்வி இது. ஒருவன் கம்புக்கு ஓட்டுப் போடுவான். ஒருவன் புரூஸ் லீயை இழுப்பான். 1996இல் வந்த 'இந்தியன்' படத்தை டி.வி.யில் பத்துத் தடவை பார்த்தவன், "ரெண்டு வெரலு போதும்லே, வர்மம்" என்பான். கடைசியில் யார் சத்தமாகப் பேசினானோ அவன் சொன்ன கலை ஜெயித்துவிடும்!

கேள்வி விளையாட்டானதுதான். ஆனால் அதற்குத் தப்பான ஒரு பதிலை நம்பிக்கொண்டு, ஒருவன் என்றாவது ஒரு நாள் அரிவாளுக்கு முன்னால் போய் நின்றால் அது விளையாட்டு இல்லை. அதனால் பி.காம். கணக்கு நோட்டு மாதிரி, ஒவ்வொரு கலைக்கும் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு என்று எழுதிப் பார்த்துவிடலாம்.

முதலில், நிஜச் சண்டை என்றால் என்ன?

போட்டியில் எடைப் பிரிவு உண்டு. நடுவர் உண்டு. கீழே மெத்தை உண்டு. எப்போது ஆரம்பிக்கும், எப்போது முடியும் என்று தெரியும். எதிராளி ஒரே ஆள், வெறும் கை.

தெருவில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. அவன் இருபது கிலோ கூடுதலாக இருப்பான். அவன் கூட மூன்று பேர் இருப்பார்கள். கீழே தார் ரோடு. இடுப்பில் என்ன செருகியிருக்கிறான் என்று தெரியாது. பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், பார்வை குறுகிவிடும். நுணுக்கமான வேலை எதையும் அந்த நேரத்தில் விரல் செய்யாது.

ஆக, எந்தக் கலையைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஒன்று, இது எந்த மாதிரி சண்டைக்காக உருவானது? இரண்டு, பயிற்சியில் எதிராளி நிஜமாகவே எதிர்க்கிறானா, இல்லை ஒத்துழைக்கிறானா?

முதல் கேள்விக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது

ராயகிரியைச் சுற்றியுள்ள பூமி பாளையக்காரர்கள் சண்டை போட்ட பூமி. சங்கரன்கோவில் பக்கம் நெற்கட்டும்செவலில் இருந்த பூலித்தேவர் 1755லேயே கர்னல் ஹெரானின் படைக்குப் பணியாமல் நின்றவர். வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கிய யூசுப்கான் முதலில் தோற்றுத் திரும்ப வேண்டியிருந்தது. அந்தப் படைகளில் இருந்தவர்கள் கையில் வேல், வாள், கம்பு, வளரி. காடு தெரியும், இருட்டு தெரியும். கிட்டத்தில் வந்து மோதும் சண்டையில் அவர்களைச் சமாளிப்பது கம்பெனிக்காரர்களுக்கு லேசாக இல்லை.

ஆனால் 1761இல் யூசுப்கான் பெரிய பீரங்கிகளோடு வந்து கோட்டைகளைப் பிடித்துவிட்டார். வீரம் குறைந்துவிட்டதா? இல்லை. சண்டையின் தூரம் மாறிவிட்டது.

பாஞ்சாலங்குறிச்சியிலும் இதே கதைதான். 1801 மார்ச் 31 அன்று ஊமைத்துரையின் ஆட்கள் மதில் உடைப்பில் நின்று நீண்ட ஈட்டிகளால் குத்தியே வெள்ளைக்காரப் படையை விரட்டினார்கள். மே 24 அன்று, கூடுதல் படையும் பீரங்கியும் வந்த பிறகு அதே கோட்டை விழுந்தது. குறுகலான உடைப்பில் ஈட்டிதான் ராஜா. அரை மைல் தள்ளி நிற்கும் பீரங்கிக்கு முன்னால் அதே ஈட்டி வெறும் கம்பு.

வளரியையும் இதில் சேர்க்க வேண்டும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்று பின்னாளில் எழுதினார். தேர்ந்த கையில் அது நூறு கஜம் வரை குறி தப்பாது என்பது அவர் கணக்கு. 1801 அக்டோபரில் அதே மருதுவைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். வளரி பொய்யாகிவிடவில்லை. துப்பாக்கி அதைவிட தூரம் போனது, அவ்வளவுதான்.

எந்தக் கலைக்கும் ஒரு 'சொந்த தூரம்' உண்டு. அந்த தூரத்தில் அது புலி. அதற்கு வெளியே பூனை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிலம்பம்

வரவு: தூரம். சிலம்பக் கம்பு ஏறக்குறைய ஆளின் புருவ உயரம் இருக்கும். அதைச் சுற்றும்போது நுனியின் வேகம் கையின் வேகத்தைவிடப் பல மடங்கு. வெறுங்கையோடு வருபவன் எந்த கலர் பெல்ட் கட்டியிருந்தாலும், கம்பு தெரிந்தவனை நெருங்குவதற்குள் முழங்காலோ மணிக்கட்டோ போய்விடும். சுற்றி நாலு பேர் நின்றாலும் யாரையும் உள்ளே விடாமல் வைத்திருக்க முடிகிற கலை இது. காலடி வரிசைகள் நாலு திசைக்கும் திரும்புவதாக இருப்பதற்குக் காரணமே அதுதான். ஆரம்பக் கேள்விக்கு நேர் பதில் வேண்டுமென்றால்: திறந்த வெளியில், கையில் கம்பு இருந்தால், சிலம்பக்காரன்தான்.

செலவு: அந்த 'இருந்தால்'தான். பஸ்ஸுக்குள், கடை பெஞ்சுக்கு நடுவில், முடுக்குத் தெருவில் ஐந்தடிக் கம்பைச் சுற்ற இடம் கிடையாது. கம்போடு யாரும் காலேஜுக்குப் போவதும் இல்லை. இன்னொன்று, திருவிழாவில் நாம் கைதட்டிப் பார்ப்பது பெரும்பாலும் அலங்காரச் சிலம்பம். அதில் அழகுக்கு மார்க். தொடு முறைப் போட்டியில் கம்பு நுனி உடம்பில் பட்டால் புள்ளி. ஆனால் தொட்டதும் நிற்பது போட்டியாளன். ஆத்திரத்தில் இருப்பவன் தொட்டதற்கெல்லாம் நிற்கமாட்டான், அடியை வாங்கிக்கொண்டே உள்ளே வந்து கம்பைப் பிடிப்பான். பிடித்த பிறகு என்ன செய்வது என்பதைத் தனியாகப் பழகியிருக்க வேண்டும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. சந்தோஷமான விஷயம். ஆனால் விளையாட்டாக வளர வளர, புள்ளி எடுக்கும் வித்தைதான் முன்னால் வரும். உலகத்தில் எல்லாக் கலைக்கும் நடந்தது இது.

குத்துவரிசையும் வர்மமும்

நம் ஊர் விவாதத்தில் ரொம்பக் கோபம் வரவழைக்கிற இடம் இதுதான்.

வர்ம மரபில் 108 வர்மங்கள் சொல்கிறார்கள். 12 படுவர்மம், 96 தொடுவர்மம். கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்கள் அடிமுறையையும் வைத்தியத்தையும் ஒன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். அடிபட்டவனை எழுப்பத் தெரியாதவன் அடிக்கக் கற்கக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மூட்டு எப்படி வேலை செய்கிறது, எங்கே பிடித்தால் கை செயலிழக்கும் என்ற அறிவு, பூட்டுப் போடவும் பூட்டிலிருந்து விடுபடவும் நிஜமாகவே உதவும். அது வரவு.

செலவு என்ன? விரல் நுனி அளவு இடத்தை, சட்டை போட்ட, துள்ளுகிற, திருப்பி அடிக்கிற ஒருவனின் உடம்பில், நடுங்கும் கையால் தேட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உயிர்போகும் அடியை முழு வேகத்தில் தினமும் கூடப் படிப்பவன் மேல் பழக முடியாது. பழக முடியாததைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. சோதிக்காத ஒன்றை நம்பித்தான் சண்டைக்குப் போக வேண்டியிருக்கும்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். பழைய ஜூஜுட்ஸுவில் கண்ணைக் குத்துவது, விரலை ஒடிப்பது எல்லாம் இருந்தது. கானோ 1882இல் கோடோகனை ஆரம்பித்து ஜூடோவை உருவாக்கியபோது, ஆபத்தானவற்றைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவைத்தார். மிச்சமிருந்த எறிதலையும் பிடியையும் இரண்டு பேரும் முழு பலத்தோடு, தினமும், எதிர்ப்போடு பழகலாம் என்று ஆக்கினார். விளைவு? 'பயங்கரமான' வித்தைகளை ஒத்திகையாக மட்டும் பழகியவனைவிட, 'சாதுவான' வித்தைகளை நிஜமாகப் பழகியவன் பலசாலியானான். கேட்க முரணாகத் தெரிந்தாலும் உண்மை இதுதான்.

2017 ஏப்ரலில் சீனாவின் செங்டூவில் ஷு ஷியாவ்டோங் என்ற எம்.எம்.ஏ. வீரர், வெய் லெய் என்ற தாய்ச்சி ஆசிரியரோடு மோதினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஆசிரியர் தரையில். சீனாவே கொந்தளித்தது, தாய்ச்சியை அவமானப்படுத்திவிட்டான் என்று. உண்மையில் அங்கே தோற்றது திருப்பி அடிக்கிறவனோடு பழகாத பயிற்சி. நம் ஊர்க் குத்துவரிசைக்கும் இதுவே எச்சரிக்கை. வரிசையை மட்டும் நூறு முறை போட்டால் உடம்பு வளையும், மூச்சு சீராகும். எதிரே ஒருவனை நிறுத்தி, அவன் இஷ்டத்துக்கு அடிக்கவிட்டுப் பழகினால்தான் அது சண்டைக்கு ஆகும்.

கராத்தே, டேக்வாண்டோ

நம் சின்ன ஊர்களில்கூட வெள்ளை டிரஸ் போட்ட குட்டிப் பசங்க வரிசையைப் பார்க்கலாம். வரவு: ஒழுங்கு, வேகம், முதல் அடியைத் தூரத்திலிருந்து அடிக்கும் திறமை. நல்ல டேக்வாண்டோக்காரனின் உதை வருவது தெரியாது.

செலவு: விதிகள். இதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2021 ஆகஸ்ட் 7, கராத்தே 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு இறுதி. சவுதியின் தாரெக் ஹமேதி முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதை கழுத்துப் பக்கம் பட, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அடி கட்டுமீறிப் போய்விட்டது என்று ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். மயங்கி விழுந்தவருக்குத் தங்கம்!

விளையாட்டாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு சரி. விதி அப்படி. ஆனால் 'அடியைக் கடைசி அங்குலத்தில் நிறுத்து' என்று பத்து வருடம் பழகிய உடம்பு, தெருவிலும் அப்படியே நிறுத்தும். டேக்வாண்டோ போட்டியில் முகத்தில் குத்தக்கூடாது என்பதால் பலருக்குக் கை தாழ்ந்தே இருக்கும். தெருவில் வரும் முதல் அடியே முகத்துக்குத்தான். கராத்தேயிலும் கியோகுஷின் மாதிரி நிஜமாக அடித்துப் பழகும் பிரிவுகள் உண்டு. ஆனால் அதன் போட்டியிலும் கையால் முகத்தில் குத்தத் தடை. பெயர் 'கராத்தே' என்பதைவிட, அந்த வகுப்பில் சாயங்காலம் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

குத்துச்சண்டை

2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்கு வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் தெரிந்திருக்கும். இந்தக் கலையில் கற்கும் முதல் பாடமே அடி வாங்குவது. மூக்கில் குத்து விழுந்தும் கண்ணை மூடாமல் இருப்பதை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. தலையை நகர்த்துவது, காலை நகர்த்துவது, மூச்சு. வரவுப் பக்கம் கனமானது.

செலவு: கையுறை. அது எதிராளியின் முகத்தை மட்டுமல்ல, குத்துபவனின் கையையும் காப்பாற்றுகிறது. 1988 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெமில் மைக் டைசன் தெருச் சண்டையில் மிட்ச் கிரீனைக் குத்தினார். உடைந்தது டைசனின் கை. உலக ஹெவிவெயிட் சாம்பியனுக்கே அந்தக் கதி! கூடவே, யாராவது கட்டிப்பிடித்தால் குத்துச்சண்டையில் நடுவர் வந்து பிரித்துவிடுவார். தெருவில் பிரிக்க யாரும் வரமாட்டார்கள்.

மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்ஸு

1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர். யு.எஃப்.சி. முதல் போட்டி. எடைப் பிரிவு இல்லாமல் எட்டுப் பேர். அதில் 80 கிலோ சுமாருக்கு இருந்த ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். மூன்று சண்டையும் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள். அதில் ஒருவர் ஆர்ட் ஜிம்மர்சன், குத்துச்சண்டைக்காரர். ஒரு கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வந்து, கீழே விழுந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பிடிக் கலைகளின் வரவு அது. ஆளை உடைக்காமலே அடக்கலாம். முழு பலத்தோடு தினமும் பழகலாம். ஆனால் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்ட பிறகு மாயம் போய்விட்டது. 2006இல் மல்யுத்தப் பின்னணி கொண்ட மேட் ஹியூஸ் அதே கிரேசியை முதல் சுற்றிலேயே தோற்கடித்தார்.

செலவு: ஒருவனைத் தரையில் பூட்டிவைத்திருக்கும்போது அவன் கூட்டாளி சும்மா நிற்கமாட்டான். தலைக்குப் பக்கத்தில் அவன் செருப்பு இருக்கும். கீழே இருப்பவன் கையில் கத்தி இருந்தால், கட்டிப்பிடித்தது நாமே போய் மாட்டிக்கொண்ட மாதிரி.

பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று

கபடி! இதைத் தற்காப்புக் கலை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியை அதனிடம் கேட்டுப் பாருங்கள். எதிராளி நிஜமாகவே எதிர்க்கிறானா? ஏழு பேர் எதிர்க்கிறார்கள்! நம் தென் மாவட்டங்களில் சின்ன வயதிலிருந்து கபடி ஆடுகிறவன், ஓடி வருபவனின் கணுக்காலைப் பிடிப்பது, இடுப்பைக் கட்டித் தூக்குவது, பிடியிலிருந்து வழுக்கி வெளியே வருவது எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான தடவை நிஜ பலத்தோடு செய்திருக்கிறான். விழவும் தெரியும், எழவும் தெரியும், நாலு பேர் சூழும்போது கோட்டை நோக்கி ஓடவும் தெரியும்.

செலவும் உண்டு. குத்தும் உதையும் தெரியாது. பிடித்த பிறகு பூட்டத் தெரியாது. ஆனால் பத்து மாதம் காற்றில் குத்திப் பழகியவனையும், பத்து வருடம் செம்மண்ணில் புரண்டவனையும் எதிரெதிரே நிறுத்தினால், யார் மேல் பணம் கட்டலாம் என்பதில் பெரிய குழப்பம் இருக்காது.

அரிவாள் வந்தால்?

எல்லாக் கணக்கும் இங்கே அடிபட்டுப் போகும். சினிமாவில் ஹீரோ அரிவாளை வெறுங்கையால் பிடிப்பார். நிஜத்தில் வீசும் கை எதிராளி பிடிக்கட்டும் என்று காத்திருக்காது. ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவை வரும்.

அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்று அவர் காட்டினார். உறையில் இருக்கும் துப்பாக்கியை எடுத்துச் சுடப் போலீஸ்காரருக்கே ஆகும் நேரம் அது. வெறுங்கைக்கு என்ன நேரம் கிடைக்கும்? ஆகவே ஓடு. ஓட முடியாவிட்டால் பைக், மேஜை, கதவு என்று நடுவில் எதையாவது வை. கையில் நீளமாக எதாவது கிடைத்தால் எடு. (சிலம்பம் அங்கே மறுபடியும் உயிர்பெறும்!) ஓடுவது அவமானம் என்று நினைக்கிறவர்கள் பூலித்தேவர் காலத்துச் சண்டைகளைப் படிக்கலாம். தகுந்த இடம் வரும்வரை காட்டுக்குள் பின்வாங்குவதும் அந்தப் போர்முறையின் ஒரு பாகம்தான்.

ஜெயித்தவனுக்கும் ஒரு செலவு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. பழைய ஐ.பி.சி.யில் 96 முதல் 106 வரை இருந்தவை. சாரம் இதுதான்: தற்காத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை. விழுந்தவனை இன்னும் இரண்டு மிதி மிதித்தால் சட்டத்தின் பார்வையில் ஆள் மாறிவிடும். ஒரே ஒரு குத்தில் பின்னால் விழுந்து, தார் ரோட்டில் தலை மோதிச் செத்துப்போவதும் நடக்கிறது. அதன் பிறகு கேஸ், கோர்ட், பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் வரும் போலீஸ் விசாரணை. குரூப் தேர்வுக்கு ராப்பகலாகப் படிக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஐந்தொகை

கூட்டிக் கழித்துப் பார்த்தால், எந்தக் கலை சிறந்தது என்ற கேள்விக்குக் கலையின் பெயரில் பதில் கிடைக்காது. எவ்வளவு பழையது, எந்த நாட்டினுடையது, எந்தப் படத்தில் வந்தது என்பதும் பதிலில்லை. அடிக்கிறவனோடு அடித்துப் பழகு, பிடிக்கிறவனோடு பிடித்துப் பழகு. உன் கலையின் சொந்த தூரம் எது என்று தெரிந்துகொள், அந்த தூரத்துக்கு வெளியே சண்டை போடாதே. இவ்வளவுதான் நூற்றாண்டுகளாக எல்லாக் கோட்டையிலும் எல்லா மேடையிலும் நிரூபணமானது.

சேரப் போகிறவர்கள், ஆசானிடம் எத்தனை மெடல் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். மாணவர்கள் ஒருவரையொருவர் நிஜமாகத் தடுக்கிறார்களா? தோற்கிறவன் சிரித்துக்கொண்டு எழுந்திருக்கிறானா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது கம்பானாலும் சரி, கராத்தேயானாலும் சரி, கபடியானாலும் சரி, தாராளமாகச் சேரலாம். தினமும் தோற்றுப் பழகியவனுக்குத் தெருவில் ஒருவன் முறைத்தால் ரோஷம் பொத்துக்கொண்டு வராது. அவன் வழியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேருவான்.